என் மகள் ஓடி வரும்போது நான் போட்ட சத்தம்

1

போன மாதத்தோடு நாங்கள் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் என் மனைவி தனம் சேமியா பாயசம் வைப்பாள். இந்த வருஷம் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்கிற நிலையில் நானும் இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் ஒரு மைதானம் முழுக்க இருந்த ஜனங்களுக்கு முன்னால் என் மகளை நான் அசிங்கப்படுத்தியிருந்தேன். அவளோடு சேர்ந்து நானும் அசிங்கப்பட்டிருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் பனி பெய்ததை எழுதுவான், முருங்கைக்காய் கிடைக்காததை எழுதுவான். நானும் அதையெல்லாம் எழுதி, திருத்தணியில் என் சொந்தக்காரர்கள் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். இதைப் படித்தால் சிரிப்பார்களோ என்னவோ. சிரித்தாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். பஸ் கராஜில் ஃபிட்டர் வேலை. மகள் வள்ளிக்கு இப்போது பதினைந்து வயது. மூன்று வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியவள். பள்ளிக்கூடத்தில் வள்ளி என்ற பெயர் யார் வாயிலும் நிற்காமல் வேலரி ஆகிவிட்டது. தோழிகள் வந்து 'வேலரி இருக்கிறாளா?' என்று கேட்டபோது, ஆரம்பத்தில் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

வள்ளி நீளம் தாண்டுகிறவள். ஓடி வந்து ஒரு வெள்ளைப் பலகையில் காலை ஊன்றி எழும்பி, மணலில் போய் விழ வேண்டும். பலகையைக் கடந்து கால் பட்டால் சிவப்புக் கொடி காட்டிவிடுவார்கள், அந்தத் தாண்டல் சேராது. அவள் கிளப்பில் மிஸஸ் பார்லோ என்ற அம்மாள் பயிற்சி கொடுக்கிறார். மனோதத்துவம் படித்தவர். பிள்ளைகளைப் புல்தரையில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே ஓடித் தாண்டச் சொல்வார். தனக்குத் தானே நல்ல வார்த்தை சொல்லிக்கொள்ளச் சொல்வார். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "தூங்க வைக்கவா இவ்ளோ தூரம் கூட்டிகினு வந்தோம்?" என்று தனத்திடம் கேட்டேன். "செத்த சும்மா இருங்க" என்றாள். அவள் சொன்னபடி நான் சும்மா இருந்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து ஊர்களோடு போட்டி. முதல் இரண்டு தடவையும் வள்ளி பலகையைக் கடந்து மிதித்துவிட்டாள். மூன்றாவதும் போனால் வெளியே. ஓட்டம் தொடங்குகிற இடத்தில் நின்று கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லோரும் அவளுக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மழைக்கோட்டு சரசரக்கிற சத்தம்கூட இல்லை.

அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை பயந்துபோய் நிற்கிறாள், இவர்கள் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே என்று தோன்றியது. அவள் ஓட ஆரம்பித்தாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"ஏய் ஆமை! இன்னாடி ஊர்ந்துகினு வர? பலகை இன்னா உன்ன கடிச்சுடுமா? சோத்து மூட்டை! தாண்டுடி பாக்கலாம்!"

வள்ளி நின்றுவிட்டாள். ஓட்டத்தின் நடுவில், வண்டிக்குப் பிரேக் போட்ட மாதிரி. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, உடை மாற்றுகிற அறைப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் ஒரு பெண்பிள்ளையைத் திட்டுகிறான் என்று தெரிந்துகொள்ள எந்த பாஷையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி தன் சின்னப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோட்டுப் போட்ட கிளப் பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து, "நீங்கள் போய் ஒரு கோப்பை டீ சாப்பிடலாமே" என்றார். "வேண்டாங்க, இப்போதான் குடித்தேன்" என்றேன். அவர் நகரவில்லை. மறுபடியும் டீயைப் பற்றிச் சொன்னார். நானும் மறுபடியும் நன்றி சொன்னேன். இத்தனை வருஷம் இந்த நாட்டில் குப்பை கொட்டியும், மூன்றாவது தடவை அவர் டீ என்றபோதுதான் என்னை வெளியே போகச் சொல்கிறார் என்பது உறைத்தது.

2

ஏன் அப்படிக் கத்தினாய் என்று நீங்கள் கேட்கலாம். பயந்து நிற்கிற ஆட்டக்காரனுக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

அறுபதுகளில் திருத்தணியில் எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து ஒரு சடுகுடு குழு வைத்திருந்தோம். நந்தி ஆற்று மணலில் கோடு கிழித்துப் பழகுவோம். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க யாருமில்லை. கோதண்டம் பாவா இருந்தார். பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகிற வீடுகளில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே போகிற வருகிற எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பார். பட்டப்பெயர் வாங்காதவன் ஊரில் மதிப்பில்லாதவன் என்று அர்த்தம்.

ஒரு தடவை கனகம்மாசத்திரத்தில், சாலையோரக் கடைகளுக்குப் பின்னால் இருந்த வெளியில், நகரிக்காரர்களோடு ஆட்டம். திருப்பதி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூட மூட்டை முடிச்சோடு வந்து நின்று பார்க்கிற கூட்டம். நகரிக்காரர்களில் ஒருவன் கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்திய மாதிரி இருந்தான். முதல் தடவை மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போனவன், கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் திரும்பி ஓடி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை அந்தக் கதவு என் இடுப்பைப் பிடித்து அப்படியே தூக்கி உட்காரவைத்தது. வெளியே உட்கார்ந்திருந்து மறுபடி உள்ளே வந்தபோது என் காலில் உயிரே இல்லை.

அப்போதுதான் கோட்டுக்கு வெளியே இருந்து பாவா குரல் வந்தது.

"டேய் முனுசாமி! இன்னாடா காலு அப்படி ஆடுது, தையல் மிஷினு மாதிரி? வந்ததே வந்தே, உக்காந்து ரெண்டு ஜாக்கெட்டு தச்சுக் குடுத்துட்டுப் போடா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நீ உள்ள வா பாவா! உன் தொப்பையக் குறுக்கால வச்சா நகரிக்காரனுக்கு நிக்கக்கூட எடம் இருக்காது. ஆட்டமே முடிஞ்சிடும்!"

"ஆங், வரேண்டா! உங்க அக்கா போட்ட சோறுடா இது! காத்து அடைச்சதுன்னு நெனச்சியா?"

அந்தக் கதவுகூடப் பல்லைக் காட்டிவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் என் கால் என்னிடம் திரும்பி வந்திருந்தது. அடுத்து பாடிக்கொண்டு போனேன். கதவையும் சேர்த்து மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். கடையில் வைத்துப் பாவா சொன்னார்: "பயத்த உள்ள வச்சிகினு ஓட முடியாதுடா. எவனாவது கிண்டல் பண்ணா நீ வாயத் தொறப்பே. வாயத் தொறந்தியா, அது வெளிய போயிடும். எனக்கு இன்னா, உன்ன வாயத் தொறக்க வைக்கிற வேலைதான்."

இங்கே வந்த பிறகு, பொது நூலகத்தில் மனோதத்துவப் புத்தகங்களை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்காததை இப்படித்தான் ஈடுகட்டுகிறேன். நன்றாகக் கைவந்த வேலை, நாலு பேர் பார்க்கும்போது இன்னும் நன்றாக வரும், சந்தேகத்தோடு செய்கிற வேலை இன்னும் கெட்டுப்போகும் என்கிற மாதிரி ஒன்றில் போட்டிருந்தது. அட, இந்தச் சந்தேகத்தைத்தானே எங்கள் பாவா பஞ்சர் ஒட்டுகிற கையோடு ஒட்டி அனுப்பினார் என்று எனக்கு ஒரே பெருமை. கராஜில் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பெருமையை வளர்த்தும் வைத்திருந்தேன். அதுதான் அன்றைக்கு என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றியது.

3

போட்டியிலிருந்து திரும்பி வந்தது மாடி பஸ்ஸில். தனமும் நானும் கீழே உட்கார்ந்தோம். வள்ளி படியேறி மேலே போய்விட்டாள். கண்டக்டர் எனக்குத் தெரிந்தவன். "என்ன சாமி, மகள் ஜெயித்தாளா?" என்றான். "இன்றைக்கு அவளுக்கு வயிற்றுவலி" என்றேன். தனம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பயிற்சியில் வள்ளி தாண்டவே இல்லை. ஓடி வருவாள், பலகைக்கு ஓர் எட்டு இருக்கும்போது நின்றுவிடுவாள். திரும்பிப் போவாள், ஓடி வருவாள், நிற்பாள். மற்ற பெண்கள் தங்களுக்குள் பேசுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். பிறகு பார்க்காத மாதிரி இருப்பார்கள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும். மாவட்டப் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. 'அதிலும் என்னால் தாண்ட முடியவில்லை என்றால் இதை விட்டுவிடுவேன்' என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் அவள் பேசுவது, உப்பை நகர்த்துங்கள் என்கிற அளவில் நின்றிருந்தது.

ஒரு மாலை மிஸஸ் பார்லோ வேலியோரம் நின்றிருந்த என்னிடம் வந்தார். வள்ளியும் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள்.

"அவள் காலில் ஒரு குறையும் இல்லை, மிஸ்டர் சாமி. பலகைக்கு வரும்போது அவள் காதில் எதுவோ விழுகிறது என்று நினைக்கிறேன். அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்பாரே, அந்த மாதிரி. நான் அந்த வார்த்தைகளை மனசுக்குள் இங்கிலீஷில் போட்டுப் பார்த்தேன். ஆமை. சோற்று மூட்டை. தமிழில் அவற்றோடு ஒட்டியிருந்த சிரிப்பெல்லாம் உதிர்ந்துபோய் வெறும் வசவு மட்டும் மிஞ்சியது. அதை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தைரியமாக ஓடு கண்ணே என்று சொன்னேன்" என்றேன்.

வள்ளிக்கு இரண்டு பாஷையும் தெரியும். நான் சொன்னது பொய் என்று அவள் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அவள் காது மடல் சிவந்திருந்தது. அப்பன் திட்டியதற்கு வந்த வெட்கத்தைவிட, அப்பன் பொய் சொன்னதற்கு வந்த வெட்கம் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்.

4

வீட்டுக்கு வந்து தனத்திடம் நான் வீறாப்பாகத்தான் பேசினேன்.

"இவளுக்கு ரோசம் ஜாஸ்தி. எங்க பாவா என்ன இதைவிட எவ்ளோ திட்டி இருக்காரு தெரியுமா? நான் இன்னா மூட்டையக் கட்டிகினா போனேன்?"

தனம் அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நமக்கு உட்கார நாற்காலி தேவைப்படும். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"பாவா திட்டினாரு, சரி. உங்க நைனா திட்டினாரா?"

"நைனா எதுக்குத் திட்டணும்?"

"அப்ப நீங்க வள்ளிக்கு இன்னா, பாவாவா?"

அவள் மாவை ஒரு குத்து குத்தினாள்.

"பாவா ஒண்ணு சொன்னா நீங்க ரெண்டு சொன்னீங்க. தொப்பைன்னீங்க, ஊரே சிரிச்சுதுன்னு பத்து வாட்டி கத சொல்லிட்டீங்க. அவ உங்கள எப்படிங்க திருப்பிச் சொல்லுவா? பெத்த அப்பனாச்சே நீங்க. வாங்கிகினு நிக்கறதத் தவிர அவளுக்கு இன்னா வழி?"

என் நைனா, அதாவது அப்பா, அன்றைக்குக் கனகம்மாசத்திரத்துக்கு வந்திருந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் அவரை விட்டுவிடுவேன், ஏனென்றால் கதையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆட்டம் முழுக்க அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெட்டிக்கடைக்காரரோடு நூல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார். கூட்டம் கத்தியபோதும் திரும்பவில்லை. இவருக்கு நம் ஆட்டத்தில் அக்கறை இல்லை என்று எனக்கு உள்ளூரக் குறை. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த ஒசரமானவன் இடுப்பப் புடிச்சித் தூக்கினானே, வலிக்குதாடா?" என்று மட்டும் கேட்டார். முதுகைக் காட்டி நின்ற மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. கண்ணுக்கு எதிரே அப்பன் நின்றால் மகனுக்குக் கால் கனக்கும் என்று அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் யார் யாரைக் கிண்டல் செய்யலாம் என்று ஒரு முறை இருக்கிறது. பாவா செய்யலாம், அத்தை பிள்ளைகள் செய்யலாம், மதினி செய்யலாம். அவர்களை நாமும் திருப்பிச் செய்யலாம். இங்கே வள்ளிக்கு அந்த முறையில் ஒருத்தரும் இல்லை. தாயும் தகப்பனும் மட்டும்தான். எல்லோருடைய வேலையையும் நான் ஒருத்தனே இழுத்துப் போட்டுக்கொண்டேன். என் சொந்த வேலை ஒன்று இருந்தது, திரும்பி நின்றுகொள்வது. அதை மட்டும் செய்யவில்லை.

5

சரி, திருப்பிச் சொல்கிற உரிமையை நானே அவளுக்குக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளின் லட்சணம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"வள்ளி, அன்னிக்கு நைனா உன்னத் திட்டினேன் இல்ல? நீ என்னத் திருப்பித் திட்டு. இன்னா வேணா சொல்லு, நான் கோச்சிக்க மாட்டேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லும்மா. வழுக்கைன்னு சொல்லு. குண்டுன்னு சொல்லு."

"வேணாம் நைனா."

"ஏன், பயமா?"

அவளுக்குத் தமிழ் பேச வேண்டுமென்றால், உயரமான அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி கண் மேலே போகும். அப்படிக் கொஞ்ச நேரம் தேடினாள்.

"எனக்கு அது தெரியாது. நீங்க என்கிட்ட சாப்பிடு, படி, கதவ மூடு, அதான சொல்றீங்க. அந்தத் தமிழ்தான் எனக்குத் தெரியும். சிரிக்கிற மாதிரி திட்ட எனக்கு வராது."

பிறகு இங்கிலீஷுக்கு மாறினாள். குரலில் கோபம் இல்லை.

"அன்றைக்கு நீங்கள் சொன்னது வேடிக்கைக்கு என்பதே எனக்குத் தெரியாது, டாட்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பன்மார் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் வாய் வரை வந்தது திரும்பிப் போய்விட்டது. ஒரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவி அவள் தட்டில் வைத்தேன். அவள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்தாள்.

மாவட்டப் போட்டி போன சனிக்கிழமை நடந்தது. நான் வரவில்லை என்று முந்தின நாளே சொல்லிவிட்டேன். "சரி நைனா" என்று உடனே சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. தனமும் அவளும் காலை பஸ்ஸில் போனார்கள். நான் வீட்டில் குழாயைக் கழற்றினேன். அதில் ஒழுக்கு ஒன்றும் இல்லை. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினேன்.

சாயங்காலம் வந்தார்கள். வள்ளி என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துவிட்டு மாடிக்கு ஓடினாள். தனம் கோட்டைக் கழற்றினாள்.

"தாண்டினாளா?"

"ஆங், தாண்டினா. ஒரு வாட்டிகூட நடுவுல நிக்கல. நாலாவதா வந்தா. குழுவுல எடம் உண்டுன்னு அந்த அம்மா சொன்னாங்க."

"ஓடறதுக்கு முன்னாடி பயந்தாளா?"

"நின்னா. கண்ண மூடல. பெஞ்சுல ஒவ்வொரு ஆளா பாத்தா. வாசப் பக்கம் பாத்தா. வேலிப் பக்கம் பாத்தா. கொடி காட்டறவரே, இன்னா இவ ஓடாம நிக்கறான்னு திரும்பிப் பாத்தாரு."

எனக்கு ஒரு நொடி நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என்னத் தேடினாளா?"

தனம் கோட்டை ஆணியில் மாட்டினாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஆங், தேடினா. நீங்க எங்கியும் இல்லன்னு நல்லா தெரிஞ்சிகினு, அப்புறந்தான் ஓடினா."

திங்கட்கிழமை கராஜுக்குப் போனதும் முதல் வேலையாக ஃபோர்மேனைப் பார்த்து, அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமையில் எனக்கு வேலை போடும்படி கேட்டேன்.

"அன்றைக்கு உன் மகளுக்குப் போட்டி இருக்கிறது என்றாயே, சாமி?" என்றார்.

"ஆமாம், அதனால்தான் கேட்கிறேன்" என்றேன்.